சொதிக்கு முழு மதிப்பெண், சுவருக்கு இல்லை

வேளச்சேரியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு திருநெல்வேலிச் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிட்டு இதை எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைப் போடவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொன்னதுமே தெரிந்துவிடும்.

முதலில் சாப்பாடு. ஞாயிறு மதியம் மட்டும் சொதிச் சாப்பாடு, 240 ரூபாய். எங்கள் பக்கம் சைவ வீட்டுக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதான். தேங்காயை மூன்று பால் பிழிந்து, தண்ணிப் பாலில் காயும் பாசிப்பருப்பும் வெந்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து விட்டு, கெட்டிப்பாலை ஊற்றியதும் கொதிக்க விடாமல் இறக்கி, ஆறினபிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரிந்துவிடும். இங்கே மூன்று வாரமும் திரியவில்லை. முருங்கைக்காய் குழையாமல், உருளைக்கிழங்கு கரையாமல் இருந்தது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. சென்னைக்கு வந்த 22 வருஷத்தில் வெளியே காசு கொடுத்து இப்படி ஒரு சொதி நான் சாப்பிட்டதில்லை. அல்வாவும் கோதுமைப் பாலில் கிண்டியதுதான். கையில் ஒட்டாமல் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிறது.

குறை வாசலிலேயே தொடங்குகிறது. உள்ளே நுழைந்ததும் பரிமாறுகிற பையன்கள் எல்லாரும் "வாங்கலே!" என்று கத்துகிறார்கள். முதுகில் பெரிதாக "என்னலே" என்று அச்சடித்த கறுப்புச் சட்டை. இரண்டாவது வாரம் அம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். 74 வயது, பாளையங்கோட்டையை விட்டு வெளியே அதிகம் வராதவள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏட்டி, அந்தப் பையன் யாரைப் பாத்து லேங்குதான்?"

திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 'லே' என்பது ஒத்த வயசு ஆண்பிள்ளைகளிடமும் சின்னப் பையன்களிடமும் மட்டும் வருவது. பெண்பிள்ளை என்றால் 'ஏட்டி', 'ஏளா'. பெரியவர் என்றால் 'அண்ணாச்சி'. 'வாங்க' என்று மரியாதை கொடுத்த வாய் அதோடு 'லே'யை ஒட்டவே ஒட்டாது. பையனிடம் மெதுவாகக் கேட்டேன். விழுப்புரம் பக்கமாம், நல்ல பிள்ளை. "டிவில அப்படித்தான் பேசுவாங்கன்னு ஓனர் சொன்னாரு ஆன்ட்டி" என்றான்.

அந்த டிவியும் உள்ளே இருக்கிறது. கல்லாவுக்கு மேலே ஒரு பெரிய திரை. அரிவாளோடு ஓடும் சண்டைக் காட்சிகளும், யாரோ ஒருவர் எங்கள் தமிழை இழுத்து இழுத்துப் பேசி மேடையில் சிரிப்பு வாங்கும் நிகழ்ச்சிகளும் மாறி மாறி ஓடுகின்றன. சுவரில் இரண்டு அரிவாள், கீழே 'திருப்பாச்சி அருவா' என்று பலகை. பக்கத்தில் ஜல்லிக்கட்டுக் காளை. திருப்பாச்சேத்தி சிவகங்கை மாவட்டம், வைகைப் பக்கத்து ஊர். ஜல்லிக்கட்டு என்றால் அலங்காநல்லூர், பாலமேடு; நான் வளர்ந்த பக்கம் வாடிவாசலே பார்த்ததில்லை. மதுரைக்குத் தெற்கே உள்ளதெல்லாம் ஒரே ஊர் என்று திரை சொல்லிக்கொடுத்ததை, எங்கள் பேரில் கடை வைத்தவரும் அப்படியே நம்பியிருக்கிறார்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்கள் வீட்டுக்கு டிவி வந்த காலம் நினைவிருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே தொடங்கிவிட்டாலும் அந்த அலை அப்போது எங்களுக்கு எட்டாது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, கடல் தாண்டி வந்த படம்தான் எங்களுக்கு டிவி. மொட்டைமாடியில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா, கீழே ஒரு பூஸ்டர். காற்று திரும்பினால் படம் போய்விடும். அப்பா மேலே ஏறித் திருப்புவார், நாங்கள் கீழே இருந்து "வந்துட்டு, வந்துட்டு" என்று கத்துவோம். சிங்களம் புரியாது. இடையில் வரும் யாழ்ப்பாணத் தமிழை வாயைப் பிளந்து கேட்போம். அதைக் கேட்டு எங்கள் வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

அப்புறம் 1993-இல் சன் டிவி வந்து, கேபிள் தெருத்தெருவாக இழுத்தார்கள். அப்போதுதான் எங்கள் பேச்சை அடிக்கடி டிவியில் கேட்டேன். பேசியவன் ஒன்று அடியாள், இல்லை கோமாளி. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "சொல்லுதேன் சார்" என்று வாயில் வந்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் "அருவா எடுத்துட்டு வந்திருக்கியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஆபீசில் 'சொல்றேன்' தான். வீட்டுக்குப் போனில் பேசும்போது மட்டும் நாக்கு தன் இடத்துக்குப் போகும்.

எங்கள் மாவட்டத்தில் வெட்டுக்குத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாதியின் பேரில் கொலைகள் நடந்தன, இன்னமும் நடக்கின்றன. என்னோடு படித்த பிள்ளை ஒருத்தியின் அப்பா அப்படித்தான் போனார். அவள் இந்தக் கடைக்கு வந்து, அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து சொதி சாப்பிட முடியுமா? அதனால்தான் கேட்கிறேன், அந்த இரண்டு அரிவாளையும் இறக்கிவிடுங்கள். மாட்ட வேறு ஒன்றுமா இல்லை? ஒரு பத்தமடைப் பாய் போதும், கோரைப்புல்லில் பட்டு மாதிரி நெய்தது. தாமிரபரணி ஆற்றின் இரண்டு கரையையும் சேர்க்கச் சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிய பாலத்தின் படம் மாட்டலாம். பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் வந்த ஊர் பாளையங்கோட்டை என்று ஒரு வரி எழுதி வைக்கலாம்.

சமையல்காரர் கல்லிடைக்குறிச்சிக்காரர். அம்மா பேசுகிற சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார்.

"அம்மாவுக்கு எந்தூரு?"

"பாளையங்கோட்டை. சொதி நீங்க வச்சதா அண்ணாச்சி? இஞ்சி ஒரு துண்டு கூடிப் போச்சு. மத்தபடி எங்க ஆச்சி வச்ச மாதிரியே இருக்கு."

அவர் சிரித்தார். கறுப்பு உளுந்துச் சோறும் எள்ளுத் துவையலும் போட ஆசைதானாம், கேட்க ஆள் இல்லையாம். அடுத்த ஞாயிறு நாங்கள் ஆறு பேர் வருகிறோம், போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். போட்டார். துவையல் அம்மியில் அரைத்த மாதிரி நறநறவென்று இருந்தது.

போகிறவர்கள் ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள், சொதி தீர்ந்துவிடுகிறது. டிவியைப் பார்க்காத மேசை உள்ளே வலது ஓரத்தில் இரண்டு உண்டு. அரிவாளைப் பற்றி முதலாளியிடம் நேரில் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொண்டார். நீங்களும் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.