இராஜமலையா, வால்பாறையா?

அரபிக்கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 1,600 கி.மீ. நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில், இரண்டு நாள் விடுப்பில் வரையாட்டைப் பார்த்து வர நினைப்பவருக்கு இரண்டு இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒன்று, மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலை. மற்றொன்று, ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்திருக்கும் வால்பாறை.

ஏமாற்றம் கூடவே கூடாது என்பவர் இராஜமலைக்குப் போகலாம். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துரைமார் வேட்டையாடிய இவ்விடம், 1978இல் தேசியப் பூங்காவானது. வனத்துறைப் பேருந்தில் இறங்கித் தார்ச்சாலையில் சற்று நடந்தாலே வரையாடுகள் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். முதிர்ந்த கிடாவின் கரிய முதுகில் சேணம் போட்டதுபோல் படர்ந்திருக்கும் வெள்ளி நிறத்தைத் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம். ஆனால் பார்வை அந்தச் சாலையோடு முடிந்துவிடுகிறது. புல்வெளிக்குள்ளோ சோலைக்குள்ளோ இறங்க அனுமதியில்லை. குட்டி ஈனும் பருவமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவையே மூடிவிடுவார்கள் என்பதால், பயணத் தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

வால்பாறையில் இந்த உறுதி கிடையாது. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடு நின்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இருந்தும் என் தேர்வு வால்பாறைதான். வரையாடு கண்ணில் படாத நாளிலும் அங்கே பார்ப்பதற்கு வேறு பல உண்டு. ஊரையொட்டிய புதுத்தோட்டத்துச் சோலைத்துண்டில், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியோடு சோலைமந்திகள் பலாப்பழத்தைப் பிய்த்துத் தின்பதைச் சாலையிலிருந்தே காணலாம். அவை வண்டிகளில் அடிபடாமலிருக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். இருவாச்சி பறக்கையில் எழும் இறக்கைச் சத்தம், பறவை கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு வந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறையில் அட்டைக்கடி நிச்சயம். முதியோரையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துச் செல்பவர்களுக்கு இராஜமலையே வசதி. வால்பாறையில் தங்குவோர் அங்குள்ள சிவப்பு விளக்குகளை மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பல இடங்களில் அவற்றை நிறுத்தியிருக்கிறார்கள். யானைக்கூட்டம் அருகில் இருக்கும்போது அலைபேசி வழியாக எரிய வைக்கிறார்கள். மாலையில் அது எரிந்தால், விடுதி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் நடந்து போகக் கூடாது.