எழுபது பரிசோதனைகளும் விடுபட்ட ஒன்றும்

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இம்முறை லண்டனிலிருந்து கும்பகோணம் வந்ததும் முதல் வேலையாக அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்கு ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ செய்ய அழைத்துச் சென்றேன். காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றுடன் வரச் சொன்னவர்கள், ரத்தம் எடுத்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. பிறகு இட்லிக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். கேன்டீனில் இட்லி தீர்ந்திருந்தது. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டிய ரத்தத்துக்கு, அவர் எப்போது சாப்பிட்டார் என்று ஒருவரும் கேட்காமல், டோக்கனில் முத்திரை விழுந்த நேரத்தையே கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

மாலையில் 4,500 ரூபாய்க்கு வழவழப்பான கோப்பு ஒன்று கைக்கு வந்தது. எழுபது பரிசோதனைகள் இருந்தன. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை மட்டும் இல்லை. “அது இந்தப் பேக்கேஜ்ல வராது சார். கிரியேட்டினின் நார்மலாத்தானே இருக்கு?” என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவு. சிறுநீரகம் ஏறக்குறைய பாதித் திறனை இழக்கும் வரையில்கூட ரத்தத்தில் அதன் அளவு நார்மலாகவே இருக்கக்கூடும்; அதற்கு வெகு முன்பே அல்புமின் காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலாந்தில் மருத்துவரைப் பார்க்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவன்தான் நான். ஆனாலும் அங்கே சர்க்கரை நோயாளிகளிடம் ஆண்டுதோறும் அந்தச் சிறுநீர்க் குப்பியைக் கேட்டு வாங்குகிறார்கள். நோயில்லாதவர்களையும் 40 முதல் 74 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள்.

என் கோபத்துக்குச் சித்தப்பாவும் ஒரு காரணம். தஞ்சாவூரில் வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சிகிச்சை காப்பீட்டில் வந்துவிடுகிறது; கார் வாடகையும், கூடவே போகும் மகன் இழக்கும் கூலியும் எந்தக் காப்பீட்டிலும் வருவதில்லை. வாய்க்கால் கரையில் இருந்த அரை ஏக்கர் அப்படித்தான் கைமாறியது.

அடுத்த வாரம், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் பெண் ஒருவர் பையும் பதிவேடுமாக வீட்டுக்கு வந்தார். திண்ணையில் வைத்தே ரத்த அழுத்தம் பார்த்தார்; 160-க்கு மேல் இருந்தது. “ஐயா, மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறீங்களா?” என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அனுப்பும் பணத்தை மிச்சப்படுத்துகிறாராம்! எழுபது பரிசோதனைகள் செய்த இடத்தில் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அன்றே கடைத்தெரு ஆய்வகத்தில் 350 ரூபாய்க்குச் சிறுநீர் பார்த்தோம். சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் முப்பதுக்குள் இருக்க வேண்டும்; அப்பாவுக்கு 82 இருந்தது. சில மாதங்கள் விட்டு மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்ற மருத்துவர், அழுத்த மாத்திரையை இப்போதே மாற்றி எழுதினார். மாதம் 210 ரூபாய் ஆகும்.

அப்பா அந்த வழவழப்பான கோப்பின் பின்னட்டையில் பேனாவால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் ஒரு நாள் கார் வாடகை 1,500 ரூபாய். அதில் தமக்கு ஏழு மாத மாத்திரை வருமாம்.