"வரி மிச்சம்" என்று பென்ஷன் பாலிசியை நீட்டினால், கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் வங்கிகளில் ஒரே பேச்சுதான்: "வரிக்கு ஏதாவது போட்டாச்சா?" 2020 பிப்ரவரியில் என்னிடமும் அப்படித்தான் ஆரம்பித்து ஒரு பென்ஷன் பாலிசியைத் தலையில் கட்டினார்கள். 1,36,000 ரூபாய் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அதே மாதிரி வண்ணத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு "போடலாமாக்கா?" என்று கேட்டாள். அதனால் என் கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

காரைக்குடியில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்போது எனக்கு வயது 46, ஆண்டுச் சம்பளம் 6,20,000. சம்பளக்காரர் எல்லாருக்கும் வருமானத்தில் குறைத்துக்கொள்ளும் நிலையான கழிவு 50,000, பி.எஃப். 21,600, பழைய எல்.ஐ.சி. பாலிசி 24,000 எல்லாம் போக, வரிக்குரிய வருமானம் 5,24,400. அது 5 லட்சத்துக்குள் இருந்தால் வரியே கிடையாது. தாண்டியதால் சுமார் 18,000 கட்ட வேண்டும். ஆக எனக்குத் தேவைப்பட்டது இன்னும் 24,400 ரூபாய் முதலீடு, அவ்வளவுதான். தபால் ஆபீசில் அரசு சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப். கணக்கில் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

பாஸ்புக் பதியப் போன இடத்தில் காப்பீட்டு மேசைத் தம்பி "உட்காருங்க ஆச்சி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "வருஷம் 1 லட்சம், 5 வருஷம் கட்டினா போதும். 60 வயசுல 16 லட்சம் சேர்ந்திருக்கும், ஆயுசுக்கும் பென்ஷன், வரியும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே தாளில் 16 லட்சத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். "கம்பெனியிலேர்ந்து கால் வரும், எது கேட்டாலும் யெஸ்னு சொல்லிடுங்க" என்றார். கால் வந்தது. நானும் எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்னேன்.

மார்ச் நடுவில் பாலிசி பத்திரம் கூரியரில் வந்தது. உறையைப் பிரிக்காமலே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கையில் கிடைத்த 15 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பியிருக்கும். எனக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அடுத்த வாரமே ஊரடங்கு.

நாலு வருஷம் விடாமல் கட்டினேன். 2024 பிப்ரவரியில், இதுதான் கடைசித் தவணை என்ற சந்தோஷத்தில் இருந்தபோது, எங்கள் அலுவலகக் கணக்கர் ஒன்று சொன்னார். 2023-24இலிருந்து, நாமாகப் பழைய முறை (முதலீட்டைக் காட்டி வரியைக் குறைக்கும் முறை) வேண்டும் என்று சொல்லாவிட்டால் புதிய வரிமுறைதான். அதில் அப்போது சம்பளக்காரருக்கு ஏழரை லட்சம் வரை எதையும் போடாமலே வரி இல்லை. இந்தப் பிரீமியத்துக்கு அதில் கழிவும் கிடையாது. அந்த ஆண்டு என் சம்பளம் 7,10,000. அப்படியானால் இந்த 1 லட்சம் எதற்கு?

அன்று ராத்திரிதான் உறையைப் பிரித்தேன். உள்ளே பொடி எழுத்து ஆங்கிலத்தில், பிரீமியம் கட்ட வேண்டிய காலம்: 10 ஆண்டு. அஞ்சு இல்லை, பத்து.

அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு ஜவுளிக்கடையில் 40 வருஷம் பேரேடு எழுதியவர்கள். பத்திரத்தைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய டைரியில் பென்சிலால் வருஷம் வருஷமாகக் கூட்டினார்கள். எங்கள் பக்கம் வட்டியைக் காசில்தான் சொல்லுவோம், மாதம் நூற்றுக்கு இத்தனை காசு என்று. 10 தவணை, 14 வருஷம், கடைசியில் 16 லட்சம். வருஷத்துக்கு 5 சதவீதம்கூட முழுசாக இல்லை, அதாவது 42 காசு வட்டி தேறவில்லை. பி.பி.எஃப். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், ஏறக்குறைய 59 காசு, அந்த வட்டிக்கு வரியும் இல்லை. "42 காசுக்கு யாராச்சும் பணத்தைப் பதினாலு வருஷம் கட்டிப்போடுவாகளா ஆத்தா?" என்று கேட்டார்கள். 2020இலேயே அவர்களிடம் காட்டியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அஞ்சாவது தவணையைக் கட்டவில்லை. அந்த ஜூலையில் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து பொது வீட்டின் இரண்டாங்கட்டு ஓடு மாற்றினோம். எங்கள் பங்குக்குப் பணம் வேண்டும், பாலிசியைச் சரண்டர் செய்தேன், அதாவது பாதியிலேயே முறித்துப் பணத்தை வாங்கினேன். கட்டியது 4 லட்சம், வந்தது 2,11,000.

அதோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு வரிக் கணக்குத் தாக்கல் செய்தபோது ஆடிட்டர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. வருமான வரிச் சட்டத்தின் 80சிசிசி பிரிவில் கழிவு வாங்கிய பென்ஷன் பாலிசியைச் சரண்டர் செய்தால், வருகிற தொகை முழுவதும் அந்த வருஷத்து வருமானம். சம்பளம் 7,30,000 மட்டும் இருந்தால் எனக்கு வரி இல்லை. 2,11,000 சேர்ந்ததும் 38,000 வரி விழுந்தது. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த வரியில் ஒரு பகுதி, பின்வாசல் வழியாகத் திரும்பிப் போனது.

நாலு வருஷத்தில் வரியில் குறைந்தது மொத்தம் 91,000. பாலிசியில் போனது 1,89,000, கூட அந்த 38,000. குறைந்த வரியைக் கழித்தால் நிகர நஷ்டம் 1,36,000. அதே 91,000ஐ நாலு வருஷத்திலும் சேர்த்து பி.பி.எஃப்.பில் 1,87,600 போட்டே குறைத்திருக்கலாம். அசலும் அப்படியே இருந்திருக்கும்.

இதற்காக ஓய்வுக்காலக் கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய முறையில் 30 சதவீத வரி கட்டும் என் தங்கை தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் வருஷம் 50,000 போடுகிறாள், வரியில் 15,600 குறைகிறது. வேலையை விட்டபின் அவள் வருமானம் குறையும், அப்போது பென்ஷனுக்குக் கட்டும் வரி விகிதமும் குறையும். அவளுக்கு அது சரி. புதிய முறையில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு: முதலாளி என்.பி.எஸ்.ஸில் போடும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு கிடைக்கிறது. நிர்வாகம் தருமா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லை. அந்த வரம்புக்குள் இருப்பவர் வரிக்காக என்று பணத்தைப் பூட்டினால், இன்று மிச்சமாவது பூஜ்யம். நாளைக்கு வரும் பென்ஷனோ வருமானக் கணக்கில் சேரும்; "வரியும் கிடையாது" என்று அந்தத் தம்பி சொன்னது முழுப் பொய். எங்கள் அலுவலகப் பெண்ணின் சம்பளம் 4,80,000. அவளுக்கு எதற்கு வரிப் பேச்சு?

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் இன்றே பத்திரம் வந்த தேதியைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் 2024இலிருந்து 30 நாள். அது தாண்டியிருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ, சென்னையில் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ஆனால் கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். காப்பீட்டு ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். நான் சரண்டர் பணத்தை வாங்கிய பிறகுதான் புகார் எழுதினேன். "உங்கள் கையெழுத்து இருக்கிறது, தொலைபேசியில் சம்மதித்த பதிவும் இருக்கிறது" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. நீங்கள் புகாரை முதலில் எழுதுங்கள். அந்தச் சிவப்பு வட்டம் போட்ட தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னிடம் அது இல்லை.