கோ-ஆப்டெக்ஸில் எடுத்த கண்டாங்கிச் சேலை: நான்கு ஆண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஒரு சேலையின் தரத்தை அது பலமுறை துவைத்து உலர்ந்த பிறகு சொல்வதே நியாயம் என்பதால், நான்கு ஆண்டுகளுக்கு முன் கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையத்தில் எடுத்த பருத்திக் கண்டாங்கியைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு நான் துணி எடுத்த விதம் வேறு. ஒரு பெரிய ஜவுளிக்கடையின் தள்ளுபடியில் ஒரே மாலையில் மூன்று குர்தாக்கள் எடுத்தேன். ஐந்தாவது சலவைக்குள் ஒன்றில் தையல் பிரிந்தது; பாலியெஸ்டர் கலந்த இன்னொன்றில் நூல் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டது. கொடுத்த பணத்தை உடுத்திய நாட்களால் வகுத்துப் பார்த்தபோது, மலிவு என்று நம்பி எடுத்தவைதான் என் அலமாரியிலேயே விலை கூடிய துணிகள் என்று தெரிந்தது. அன்று முதல், வீட்டிலுள்ள எந்தத் துணி உழைத்து முடிந்தது, அதன் இடத்துக்குத்தான் இது வருகிறதா என்று கேட்டுக்கொள்ளாமல் நான் எதையும் எடுப்பதில்லை.

இந்தக் கேள்வியோடு போகிறவர்களுக்கு கோ-ஆப்டெக்ஸ் ஏற்ற கடை. 1935-இல் தொடங்கப்பட்ட இந்தக் கூட்டுறவு நிறுவனம், நெசவாளர் சங்கங்களிடம் கொள்முதல் செய்து விற்கிறது. ஆகவே நெகமம், சின்னாளப்பட்டி, ஆரணி என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே சேலை கேட்கலாம். துணி எங்கே நெய்யப்பட்டது என்பது தெரிந்தால், அதை எடுப்பதில் ஒரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது என்பது என் அனுபவம்.

காரைக்குடிப் பகுதியின் கண்டாங்கி 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரிய கட்டங்களும் அகலமான கரையும் அதன் அடையாளம். என்னுடையது அரக்கு உடலும் கடுகு மஞ்சள் கரையும் கொண்டது. முதல் இரண்டு சலவைகளில் சாயம் இறங்கியதால், உப்பு நீரில் ஊறவைத்துத் தனியே அலசினேன்; பிறகு இறங்கவில்லை. இன்று நிறம் சற்றுத் தணிந்திருக்கிறது, ஆனால் எங்கும் திட்டுத்திட்டாக வெளுக்கவில்லை. கரை சுருங்கி உடலை இழுக்கவும் இல்லை. புதிதில் விறைப்பாக நின்ற துணி இப்போது கொசுவம் வைத்த இடத்தில் அப்படியே படிகிறது. கனமான நெசவு என்பதால் ஐப்பசி மழையில் உலர இரண்டு நாள் ஆகும். காலையில் அவசரமாகக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியவர்களுக்கு இது முதல் தேர்வாக இருக்காது. கஞ்சி போடும் பொறுமையும் வேண்டும்.

விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது உண்டு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டிருந்தும் அது நிற்கவில்லை. எந்தக் கடையில் எடுத்தாலும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் ஊசிகளின் நுண்ணிய துளைகள் ஓரத்தில் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். நூலில் ஆங்காங்கே தெரியும் சிறு தடிப்பைப் பழுது என்று தள்ளிவிட வேண்டாம்.

கைத்தறி என்பதாலேயே ஒரு துணி ஆற்றுக்கும் மண்ணுக்கும் தீங்கற்றதாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் தறியில் நெய்தாலும் நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். சாயக்கழிவு ஓர் ஆற்றை என்ன செய்யும் என்பதை நொய்யலில் பார்த்தோம். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது போனது. ஆகவே தீபாவளித் தள்ளுபடியில் ஐந்து கைத்தறிச் சேலைகளை அள்ளிக்கொண்டு வருவதும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சியே. என் பரிந்துரை, கூட்டமில்லாத ஒரு நாளில் போய், விரித்துப் பார்த்து, ஒன்றே ஒன்று எடுப்பது.

இந்த ஆண்டு நான் எடுக்கப்போவது ஒரு நெகமம் சேலை. அதற்கு இடம்விட்டு ஒதுங்குகிற என் பழைய பருத்திச் சேலை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டதால், அடுத்த மாதம் தங்கை வீட்டில் தூளி கட்டப் போகிறது.