காபிக்கொட்டை ஆற்றும் கூலர் செட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வறுத்த காபிக்கொட்டையை ஆற்றுவதற்கு வீட்டிலேயே கூலர் செய்துகொள்ளலாம் என்று சொல்லி, இணையச் சந்தை ஒன்றில் ஒரு விற்பனையாளர் உதிரிபாக செட் விற்கிறார். விலை 4,800 ரூபாய். வாங்காதீர்கள். மாட்டி, ஓட்டி, கொட்டை கெட்டுப்போனதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் இவர்கள் எப்படி நாமம் போடுகிறார்கள் என்பது தெரியட்டும்.

பட்டியலில் போட்டிருந்தவை: சென்ட்ரிஃபியூகல் புளோயர் (எதிர்ப்பு இருந்தாலும் காற்றை இழுத்துத் தள்ளும் நத்தை வடிவ ஊதி), 304 (எளிதில் துருப்பிடிக்காத வகை) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சல்லடை, சிலிகான் வளையம். எழுத்தில் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது, கூலருக்கு வேண்டியது இவைதான். கொட்டை வறுக்கும் டிரம்மிலிருந்து இறங்கும்போது 210 முதல் 230 டிகிரி வரை இருக்கும். அப்படியே குவித்து வைத்தால் அடுப்பை அணைத்த பிறகும் தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும். முதல் வெடிப்பு (வறுபடும் கொட்டை முதல் தடவை பட்பட்டென்று வெடிக்கும் கட்டம்) முடிந்த கையோடு இறக்கியது ஒரு படி கூடுதலாகக் கறுக்கும், வாசனை மழுங்கும். நாலு நிமிடத்துக்குள் கையில் அள்ளும் பதத்துக்கு வந்தாக வேண்டும். அதற்குச் சல்லடைக்கு அடியில் வாளி வைத்து, அதில் புளோயரை மாட்டி, காற்றை மேலிருந்து கீழாகக் கொட்டைக்குள் இழுப்பதுதான் சரியான வழி. கொட்டையிலிருந்து உதிரும் தோல் சருகும் வாளிக்குள்ளேயே போய்விடும், வெளியே பறக்காது.

இதில் எல்லாமே இழுவையைப் பொறுத்தது. திறந்த வெளியில் எவ்வளவு காற்று தள்ளும் என்பது வேறு, எதிர்ப்பு இருக்கும்போது எவ்வளவு இழுக்கும் என்பது வேறு. கம்ப்யூட்டருக்குள் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன்களில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீர் உயர அழுத்தம் (நீரை அத்தனை மில்லிமீட்டர் மேலே தூக்கும் இழுவை) வரைதான் தாங்கும். நெருக்கமாகக் கிடக்கும் கொட்டை எதிரே வந்தால் இறக்கை சுற்றும், சத்தம் வரும், காற்று நகராது. வேக்குவம் கிளீனர் மோட்டார் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் இழுக்கும். அந்த அளவு தேவையில்லை, ஆனால் புளோயர் என்று பெயர் சொன்னால் அது புளோயராக இருக்க வேண்டும் அல்லவா?

அதனால்தான் பணம் கட்டும் முன்பே தெளிவாகக் கேட்டேன்: "250 கிராம் கொட்டை, இரண்டரை சென்டிமீட்டர் கனம். அதுக்குள்ள காற்றை இழுக்குமா?" உடனே பதில் வந்தது: "தாராளமா இழுக்கும் சார், அரைக் கிலோவே இழுக்கும்." கூடவே ஒரு வீடியோ. சல்லடையோடு வாளியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள், ஒரு வெள்ளைத் தாளை அடியில் காட்டுகிறார்கள், தாள் பச்சக்கென்று ஒட்டி விழாமல் நிற்கிறது. பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். 4,800 போனது அந்த வீடியோவால்தான். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளைத் தாங்கிப் பிடிக்க 0.1 மில்லிமீட்டர் நீர் உயர அழுத்தம்கூட வேண்டாம். சல்லடையில் ஒரு கொட்டைகூட இல்லாமல் எடுத்த வீடியோ அது. தெரிந்தேதான் செய்கிறார்கள்.

வந்ததைச் சொல்கிறேன். நத்தை வடிவத் தகரப் பெட்டி, கறுப்பு பெயின்ட். நாலு திருகைக் கழற்றினால் உள்ளே 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், பிளாஸ்டிக் இறக்கை. வெளியே ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் எண், எதிரே ஒன்றுமே இல்லாதபோது தள்ளும் காற்றின் அளவு. சல்லடையில் காந்தம் சப்பென்று பிடித்துக்கொள்கிறது. 304 அப்படிப் பிடிக்காது, மிஞ்சினால் லேசாக இழுக்கும். ஈரத்துணியால் துடைத்ததும் துளை ஓரங்களில் துருக் கோடு. சிலிகான் வளையம் என்று வந்தது வெறும் ஃபோம். முதல் வறுவலிலேயே இளகிச் சல்லடையில் ஒட்டி, கரிந்த ரப்பர் நாற்றம் அடித்தது.

கொட்டைக்குள் கம்பி தெர்மாமீட்டரைச் செருகி வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்தும் 110 டிகிரி. அந்தச் சூட்டில் இறக்கை வளைந்து பெட்டியில் உரச ஆரம்பித்துவிட்டது. இரண்டு சல்லடைகளுக்கு இடையே கையால் மாற்றி மாற்றிக் கொட்டினாலே இதைவிடச் சீக்கிரம் ஆறியிருக்கும். அதற்கா 4,800?

இனி அவர்கள் தட்டிக்கழித்த அழகு. முதல் பதில்: "பாசிட்டிவ் நெகட்டிவ் மாத்திக் குடுத்திருப்பீங்க சார்." மாற்றிக் கொடுத்தால் இந்த வகை ஃபேன் சுற்றவே சுற்றாது, பின்பக்கமாகவும் சுற்றாது. விற்கிறவருக்கு இதுகூடவா தெரியாது? அடுத்து, "கொட்டையைக் கொஞ்சமா போடுங்க." அரைக் கிலோ இழுக்கும் என்று சொன்னவர் இவரேதான். அதற்கடுத்து, "24 வோல்ட் குடுத்துப் பாருங்க." 12 வோல்ட் ஃபேனுக்கு 24 கொடுத்தால் கருகும், பக்கத்தில் காய்ந்த சருகு இருந்தால் தீயே பிடிக்கும். யாராவது நம்பிச் செய்துவிட்டால் யார் பொறுப்பு? கழற்றிய ஃபேனைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்சலைப் பிரித்தபோது எடுத்த வீடியோ இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை.

இணையச் சந்தையிடம் புகார் கொடுத்தால் அவர்கள் இன்னும் மோசம். ஃபேன் இருக்கிறது, சல்லடை இருக்கிறது, வளையம் இருக்கிறது, "பொருள் விவரத்துடன் பொருந்துகிறது" என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன், அதே வரியை ஒட்டி மறுபடி மூடினார்கள். படங்களை ஒருவர்கூடத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 4,800க்கு அவ்வளவுதான் மரியாதை.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அவசரமாக:

ஸ்டேட்டிக் பிரஷர் (எதிர்ப்புக்கு எதிரே தாங்கும் அழுத்தம்) எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். காற்றின் அளவை மட்டும் சொல்லி மழுப்பினால் விட்டுவிடுங்கள். சல்லடையில் கொட்டை போட்டு, தெர்மாமீட்டர் செருகி, வெட்டாமல் எடுத்த வீடியோ கேளுங்கள். தாள் வீடியோ அனுப்பினால் அங்கேயே நிறுத்துங்கள்.

துத்தநாகம் பூசிய வலை வேண்டவே வேண்டாம். துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். சல்லடைக்கும் வாளிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியாகத்தான் போகும், கொட்டை வழியாக வராது.

பழைய வேக்குவம் கிளீனரை மாட்டப் போகிறவர்கள் கவனம். பல மாடல்களில் இழுக்கும் காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. சூடான காற்று போனால் மோட்டார் கருகிவிடும். சருகில் ஒரு கங்கு இருந்தால் தூசிப் பையே பற்றிக்கொள்ளும். பையைக் கழற்றிவிட்டு, சல்லடைக்கும் கிளீனருக்கும் நடுவில் ஒரு இரும்பு வாளி வையுங்கள், சருகு அதிலேயே தங்கட்டும். வேலை முடிந்ததும் அதை வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், குப்பைக்கூடையில் போடாதீர்கள்.