டிகாஸ் கருவி: விண்ணிலிருந்து விழுவதைக் கண்டுகொள்ளுமா?

பயணிகள் விமானங்களில் உள்ள மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ், அதிலும் 7.1 பதிப்பு, விண்வெளியிலிருந்து விழும் பொருளைக் கண்டுகொள்ளுமா என்ற ஒரே கேள்வியோடு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கண்டுகொள்ளாது, அதைக் கருவியின் பழுது என்று சொல்லவும் முடியாது.

டிகாஸ், ரேடாரைப் போல எதிரொலியைத் தேடுவதில்லை. 1030 மெகாஹெர்ட்ஸில் அது கேள்வி கேட்கிறது. அருகிலுள்ள விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், அதாவது கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் வானொலிக் கருவி, 1090 மெகாஹெர்ட்ஸில் தன் உயரத்தைச் சொல்லிப் பதில் தருகிறது. ஆபத்து நெருங்கும்போது திரையிலுள்ள குறி மஞ்சள் வட்டமாக மாறி, "டிராஃபிக், டிராஃபிக்" என்ற குரல் எழும். இன்னும் நெருங்கினால் அது சிவப்புச் சதுரமாகி, "கிளைம்ப், கிளைம்ப்" என்ற ஆணையோடு எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதையும் பச்சைப் பட்டையில் காட்டிவிடும். எதிரே வரும் விமானத்தின் டிகாஸோடு பேசி ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்கிற அந்த ஒருங்கிணைப்பை நான் மனமார மதிக்கிறேன். 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே 71 பேரைப் பலிகொண்ட மோதலில்கூட, ஒரு விமானத்தை ஏறச் சொல்லி டிகாஸ் சரியாகவே எச்சரித்தது. அந்த விமானத்தின் விமானிகளோ தரையிலிருந்த வான்வழிக் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கினார்கள்.

ராக்கெட் துண்டிலோ விண்கல்லிலோ டிரான்ஸ்பாண்டர் இல்லை; ஆகவே பதிலும் இல்லை, திரையில் புள்ளியும் இல்லை. ஒரு பேச்சுக்கு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், நிமிடத்துக்கு 10,000 அடி, அதாவது நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வரையிலான ஏற்ற இறக்கத்துக்கே இந்தக் கருவி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கனமான உலோகத் துண்டு அதைவிட வெகு வேகமாக விழும். விமான மூக்கிலுள்ள வானிலை ரேடாரும் உதவாது, ஏனெனில் அது முன்னே உள்ள மழைத்துளிகளைத் தேடுவது. தலைக்கு மேலே பார்ப்பதில்லை.

இந்த ஆபத்துக்கு இன்றுள்ள காப்பு, தரையிலிருந்து கண்காணித்து வான்வழியை மூடுவதுதான். 2022 நவம்பர் 4 அன்று, சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் ஏறத்தாழ 20 டன் எடையுள்ள பகுதி கட்டுப்பாடின்றி இறங்கியபோது, ஸ்பெயின் தன் வான்பரப்பின் ஒரு பகுதியைச் சுமார் 40 நிமிடங்கள் மூடியது. இதிலும் துல்லியம் போதாது: சுற்றுப்பாதை வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் என்பதால், விழும் நேரக் கணிப்பு ஒரே ஒரு நிமிடம் பிசகினாலும் இடம் 450 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும்.

விமானத்துக்கு விமானம் என்ற தன் வேலையில் டிகாஸுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். விண்குப்பைக்காக அதை நம்பி மதிப்பெண் தர முடியாது. அந்தப் பொறுப்பு தரையிலுள்ள கண்காணிப்பு நிலையங்களுக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் உரியது.