ஜோஷ் கிப்சனா, பிஸ் மேக்கியா?

அமெரிக்க பேஸ்பாலின் பெரிய லீகுகளான நேஷனல் லீகும் அமெரிக்கன் லீகும் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அடைபட்டுக் கிடந்த காலத்தில், கறுப்பினத்தவருக்கெனத் தனியே நடந்த நீக்ரோ லீகுகளில் ஆடிய கேட்சர்களுள் (பந்தடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்கள்) தலைசிறந்தவர் யார் என்ற கேள்வி எழும்போதெல்லாம், கடைசியில் எதிரெதிரே நிற்பவர்கள் ஜோஷ் கிப்சனும் பிஸ் மேக்கியும்தான்.

மட்டையை வைத்து அளந்தால் வாதத்துக்கே இடமில்லை. 1911இல் ஜார்ஜியாவில் பிறந்து, 18 வயதில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு வந்த கிப்சனின் பேட்டிங் சராசரி (அடிக்கும் வாய்ப்புகளில் எத்தனை பங்கு வெற்றி அடியாயிற்று என்ற கணக்கு) .372. நீக்ரோ லீகுகளின் புள்ளிவிவரங்கள் 2024 மே மாதம் பெரிய லீக் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, பெரிய லீக் ஆட்டக்காரர் டை காப் பேட்டிங் சராசரியில் நெடுங்காலம் வைத்திருந்த முதலிடம் அவருக்கு வந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். லீக் ஆட்டங்களைக் குறைவாக வைத்து, மீதி நாட்களில் ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும்படி அந்த அணிகளைத் தள்ளியது நிறப் பாகுபாடுதானே தவிர, கிப்சனின் குறை அல்ல.

ஆனால் கேட்சர் என்பவர் முதலில் மட்டைக்குப் பின்னால் குந்தியிருப்பவர். அந்த இடத்தில், 1897இல் டெக்சஸில் பிறந்த மேக்கியையே நான் முன்வைப்பேன். எதிரணி ஓட்டக்காரர் இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பந்து அடிக்கப்படாமலே அந்த நிலையைப் பிடித்துவிட, ஓடும்போது மற்ற கேட்சர்கள் எழுந்து நின்று எறிவார்கள். மேக்கியோ குந்திய நிலையிலிருந்தே 127 அடி தூரத்துக்குப் பந்தை எறிந்துவிடுவார். எழுந்து நிற்கும் அந்த நொடிப்பொழுது மிச்சமாவதே ஓட்டக்காரருக்கு எமனாகிவிடும். கிப்சனுக்கும் வலுவான கை உண்டு. உழைத்துத் தேர்ந்த கேட்சர்தான் அவர். என்றாலும், தலைக்கு மேலே செங்குத்தாக எழும் பந்துகள் அவரைத் தடுமாற வைத்தன. மேக்கியும் மட்டையில் சளைத்தவரல்லர். வலம், இடம் என இருபுறமும் நின்று அடித்தவர்.

மேக்கியின் பக்கம் என்னைச் சாய்ப்பது இன்னொன்று. 1937இல் வாஷிங்டன் எலைட் ஜயன்ட்ஸ் அணிக்கு 15 வயதில் வந்த ராய் காம்பனெல்லாவுக்கு, மட்டைக்குப் பின்னால் செய்யவேண்டிய வேலை முழுவதையும் கற்றுக்கொடுத்தவர் அவரே. புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போன அந்தச் சீடர் 1951, 1953, 1955 ஆகிய ஆண்டுகளில் நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 1946இல் மேக்கி நிர்வகித்த நியூவர்க் ஈகிள்ஸ், கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸை வென்று நீக்ரோ உலகத் தொடரைக் கைப்பற்றியது. அந்த அணியின் லாரி டோபி மறு ஆண்டே அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின ஆட்டக்காரரானார்.

கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, நவீன காலப் பெரிய லீகுகளின் முதல் கறுப்பின ஆட்டக்காரராக ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கினார். பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைச் சிறப்பிக்கும் புகழ் மண்டபம் கிப்சனை 1972இல் ஏற்றுக்கொண்டது. 1965இல் இறந்த மேக்கிக்கு 2006இல்தான் அங்கே இடம் கிடைத்தது.